கவிழ்கல்லின் மறுபக்கம்

பனியம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அவளுடைய ஒரே சிஷ்யையான வேலாத்தாளுக்கு ஐம்பத்தாறு. குளிரிமலையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. குருவுக்கு இன்னும் நரைக்கவில்லை, சிஷ்யைக்குக் கடைவாய்ப் பல் நாலு போயாயிற்று என்பார்கள்.

சிஷ்யை குருவை அம்மா என்று அழைத்தாள். குரு சிஷ்யையை அக்கா என்றாள்.

மலையின் தலை முழுக்கப் புல். மடிப்புகளில் மட்டும் சோலை. அந்தப் புல்லுக்குள் எங்கே கால் வைத்தாலும் கல் தட்டுப்படும். இடிந்த சுவர்கள், மூடிப்போன வரப்புகள், யார் நட்டதென்று தெரியாத கல் வட்டங்கள். ஊற்றின் ஓரத்தில், அப்படியொரு பழைய சுவரின் மூலையில் கூரை போட்டுக்கொண்டு பனியம்மா இருந்தாள். எங்கிருந்து வந்தவள் என்று யாரும் அறியவில்லை. மார்கழியில் உறைபனி விழுந்த விடியல்களில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே உட்கார்ந்து சரிவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் அந்தப் பெயர்.

சாந்தமானவள் அல்ல. ஆசி கேட்டு வந்த ஒரு பெரிய மனிதரைப் பாதி வழி வரைக்கும் விறகுக்கட்டையோடு துரத்தியிருக்கிறாள்.

வேலாத்தாள் அவளிடம் ஞானம் தேடி வரவில்லை. சாபம் தேடி வந்தாள்.

அவள் வரகனூர்க்காரி. ஊற்றைச் சுற்றி வரகனூரின் பூண்டுக் கொல்லைகள். கொல்லைகளுக்கு மேலே சரிவின் குறுக்காக ஒரு நீளச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மந்தைச்சரிவுக்காரர்களின் மேய்ச்சல், அவர்களுடைய எருமைப் பட்டி. அந்தச் சித்திரையில் மேலே நீர் வற்றிவிட்டது. மந்தைச்சரிவுக்காரர்கள் சுவரை இரண்டு ஆள் அகலத்துக்குப் பிரித்து வழி செய்தார்கள். எருமைகள் ஊற்றுக்கு இறங்கின. இறங்கும் வழியில் வேலாத்தாளின் கொல்லையைத் துவைத்துவிட்டுப் போயின.

ஆடி மழையில் அவளுடைய மகன் மயிலன் அந்த இடைவெளியை அடைக்கப் போனான். அடுக்கிய கல் சரிந்தது. அடியில் அவன் இருந்தான்.

மலையில் விபத்தில் போனவரை ஊருக்குள் இறக்குவதில்லை. விழுந்த இடத்திலேயே புதைத்தார்கள். அது சுவருக்கு அந்தப் பக்கம், பட்டிக்குப் போகும் தடத்தில் இருந்தது. பதினாறாம் நாள் அவள் பாலூற்றப் போனபோது மண்மேட்டின் மேல் குளம்புத் தடங்களைப் பார்த்தாள்.

அன்றே பனியம்மாவின் வாசலில் வந்து நின்றாள். மந்தைச்சரிவு பூண்டற்றுப் போக வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்யுங்கள் என்றாள்.

“சாபம் போட எனக்குத் தெரியும்” என்றாள் பனியம்மா. “முதல்ல ஊத்துல போய் ஒரு குடம் தண்ணி கொண்டு வா, அக்கா.”

கொண்டு வந்தாள். மறுநாளும் கேட்டாள். பனியம்மா மறுநாளும் தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள். ஐந்து மாதம் இப்படியே போயிற்று. காலையில் குடத்தை இறக்கி வைத்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

“இன்னைக்காவது போடுவீங்களா அம்மா?”

“அடுப்பு அணைஞ்சிருக்கு பார்.”

இடைவெளியை அவள் கொழுந்தன் செங்கோடன் நாலு ஆளோடு வந்து, அதே கற்களைக் கொண்டு அடைத்துவிட்டான். ஐப்பசி மழையும் பொய்த்தது. எருமைகள் தண்ணீருக்கு இரண்டு மலை தாண்டிப் போயின. கன்றுகள் பதினொன்று செத்தன. மந்தைச்சரிவின் பெரியவர் மாதன் ஒவ்வொரு கன்றையும் சுவரோரத்தில் இழுத்து வந்து போட்டார். நாற்றம் வரகனூருக்கு இறங்கட்டும் என்று.

மார்கழி நடுவில் இரண்டு ஊரும் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டன. கவிழ்கல்லைத் தூக்கிப் பார்ப்பது.

அது அந்த மலையின் பழைய வழக்கம். சுவர் தொடங்கும்போது முதல் கல்லின் அடிப்பக்கத்தில் குடும்பத்தின் அடையாளத்தைச் செதுக்கி, அதைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மற்றதை அடுக்குவார்கள். வழக்கு வந்தால் இரண்டு பக்கத்திலும் சேராத ஒருவர் அந்தக் கல்லைக் கடப்பாரையால் நெம்பி ஒரு சாண் தூக்க வேண்டும். எல்லோரும் குனிந்து பார்க்க வேண்டும். பிறகு இறக்கிவிட வேண்டும். யாருடைய அடையாளமோ அவருக்குச் சுவர். சுவரிலிருந்து இரு பக்கமும் கூப்பிடு தூரம் வரை நிலமும் அவருக்கே. தோற்றவர் கட்டியதைப் பிரித்துவிட வேண்டும். தோற்றவரின் கவிழ்கல்லை வென்றவர் எடுத்துக்கொண்டு போய்த் தன் அடுத்த சுவருக்கு முதல் கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

மந்தைச்சரிவின் பட்டி கூப்பிடு தூரத்துக்குள் இருந்தது. மயிலனின் மண்மேடும் இருந்தது.

கல்லைத் தூக்குவது யார் என்பதில் இரண்டு ஊருக்கும் சந்தேகம் இல்லை. பனியம்மா இரண்டு ஊரையும் ஒரே மாதிரி திட்டுகிறவள்.

வேலாத்தாளுக்கு நம்பிக்கை இருந்தது. அந்தச் சுவர் அவள் புருஷனின் முப்பாட்டன் போட்டது. அடியில் அவர்கள் குடும்பத்தின் அடையாளமான அரிவாள் இருக்கும். ஆனால் அவளுக்குக் கல் சொல்வது போதவில்லை. குருவும் சொல்ல வேண்டும்.

“ஒரு வார்த்தை கேக்கறேன்மா. அந்த நிலம் யாரோடது?”

“விடியறதுக்கு முன்னால எழுப்பறேன். செருப்பு இல்லாம வா.”

பனி கண்ணாடித் தூள் போலக் கிடந்தது. வேலாத்தாள் திட்டிக்கொண்டே நடந்தாள். இவளுக்கு வயசு இருக்கிறது, பித்தம் இருக்கிறது, எனக்குக் கால் வெடிப்பல்லவா இருக்கிறது என்றாள். பனியம்மா காதில் வாங்கவில்லை. சரிவுக்கு எதிரேயிருந்த மேட்டில் ஏறி உட்கார்ந்தாள். சிஷ்யையையும் உட்காரச் சொன்னாள்.

சரிவு வெள்ளையாக, ஒரே துணியாக இருந்தது. கிழக்கே வெயில் நுனி தெரிந்தது. அது புல்லின் மேல் படுத்து வந்தது. மேடான இடங்களில் பனி முதலில் கரைந்தது, பள்ளங்களில் தங்கியது. கரைந்த இடமெல்லாம் கறுத்த கோடுகளாயின. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாமல். சரிவு முழுவதும் வரப்புகள் எழுந்து நின்றன. நடுநடுவே வீடுகளின் வட்டமான அடித்தளங்கள். வீட்டுக்கு வீடு போன தடங்கள். அந்த இடத்தில் முப்பது வருஷமாகப் புல் அறுத்தவள் வேலாத்தாள். அவள் இதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவள் அடுப்பு முன்னால் இருப்பாள்.

“எண்ணு.”

வேலாத்தாள் அறுபது வரை எண்ணினாள். பிறகு குழம்பிவிட்டது.

“இதுல உன் வீட்டோடது எத்தனை?”

“மூணு.”

“மிச்சம்?”

“பழையவங்க போட்டது. போயிட்டாங்க.”

சொல்லிவிட்டு அவள் சட்டென்று எழுந்து நின்றாள். கை நீட்டிக் காட்டினாள். கறுத்த கோடுகளில் இரண்டு நேராக ஓடி எருமைப் பட்டிக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தன.

“பாத்தீங்களா. அவன் பட்டிக்கு அடியில வரப்பு ஓடுது. உழுத நிலம்மா அது. எங்காளுங்க உழுதது.”

பனியம்மா இறங்கினாள். நேரே வேலாத்தாளின் பூண்டுக் கொல்லைக்குப் போனாள். கொல்லையின் நடுவில் ஒரு களம் அளவுக்குச் செந்தட்டி மண்டியிருந்தது. வருஷா வருஷம் வேலாத்தாள் அதை வேரோடு பிடுங்குவாள். கை தடித்து இரண்டு நாள் எரியும். மறு மழைக்கு அது திரும்ப வரும்.

“இந்தச் செடி எங்கே முளைக்கும், அக்கா?”

மலையில் பிறந்த பெண்ணுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். தலைமுறை தலைமுறையாக மாடு கட்டிச் சாணி ஊறிய மண்ணில்தான் அது அப்படி மண்டும்.

“உன் கொல்லைக்கு எப்படி வந்தது?”

“விதை பறந்து வந்திருக்கும்.”

“வருஷா வருஷம் இதே இடத்துக்கா?”

“நீங்க யாரு பக்கம்னு சொல்லிடுங்கம்மா. நான் போயிடறேன்.”

பனியம்மா இன்னும் மேலே நடந்தாள். வேலாத்தாள் போகவில்லை. பின்னாலேயே போனாள். சுவரைத் தாண்டி, மயிலனின் மேட்டைத் தாண்டி, தோளுயரப் புல்லுக்குள் புகுந்து, கல் வட்டத்துக்கு வந்தார்கள். அதை மாண்டவர் வட்டம் என்பார்கள். உருண்டையான பெருங்கற்கள், தோளோடு தோள் உரசி உட்கார்ந்த கிழவர்களைப் போல. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு.

“முப்பத்தொண்ணு இருந்தது” என்றாள் பனியம்மா. “இப்ப எண்ணு.”

வேலாத்தாள் எண்ணவில்லை. வட்டத்தில் ஒரு பக்கம் பல் போன வாய் மாதிரி இருந்தது. அங்கே ஏழு குழிகள். குழிகளுக்குள் மட்டும் பனி இன்னும் வெள்ளையாக இருந்தது.

“ஏழு எங்கே, அக்கா?”

“கல்லுதானே.”

பனியம்மா கையில் இருந்த தடியால் தரையில் ஓங்கி அடித்தாள். தடி இரண்டாயிற்று. சோலையிலிருந்து ஏதோ பறவை கிளம்பிப் போயிற்று.

“செத்து மண்ணாப் போனவனுக்கு எதுக்குக் கல்லு?” என்றாள் வேலாத்தாள். அவள் குரலும் ஏறியிருந்தது. “ஆயிரம் வருஷமாச்சு. பேரு தெரியுமா? ஊரு தெரியுமா? அழ ஆளு இருக்கா? எதுக்குக் கல்லு?”

“உன் மவன் தலைமாட்டுல எதுக்கு வச்சிருக்கே?”

வேலாத்தாள் திரும்பி நடந்தாள். அன்றைக்கு அவள் தண்ணீர் கொண்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு ஊரும் சுவரடியில் கூடின. வரகனூர் கீழே நின்றது, மந்தைச்சரிவு மேலே நின்றது. செங்கோடன் புதுக் கடப்பாரை கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்த மாதன், கடப்பாரைக்குப் பொட்டு வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்கள், பெண்ணையும் கூட்டி வந்திருந்தால் இங்கேயே தாலி கட்டிவிடலாம் என்றார். மந்தைச்சரிவு சிரித்தது. செங்கோடன், உங்கள் கன்றுக்குட்டிகளைப் பந்தியில் உட்கார வைக்கலாம் என்றிருந்தோம், அவைதான் இல்லையே என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேர் தடியை இறுகப் பிடித்தார்கள்.

பனியம்மா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. சுவரின் கிழக்கு முனையில் மேல்கற்களை இரண்டு ஊர் ஆட்களும் மாறி மாறி எடுத்து வைத்தார்கள். மேலெல்லாம் மண் இறுகிய கவிழ்கல் தெரிந்தது. பலகை போல நீண்ட கல். அவள் கடப்பாரையை வாங்கி அடியில் கொடுத்து நெம்பினாள். ஒரு சாண் எழுந்தது.

செங்கோடன்தான் முதலில் குனிந்தான்.

“அரிவாள்” என்றான்.

மாதனும் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிடியும் வளைவுமாக அரிவாள் தெளிவாக இருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தன் ஆட்களைப் பார்த்து, பட்டியைப் பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அவர் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலாத்தாள் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. கோபம் மட்டும் இன்னும் நேராக நிமிர்ந்து நின்றது. கடப்பாரையைக் கொடுங்கள், அவர்கள் பட்டியின் முதல் கல்லை நானே பெயர்க்கிறேன் என்று கை நீட்டினாள்.

பனியம்மா கொடுக்கவில்லை. கல்லை இறக்கவும் இல்லை. இன்னொரு முறை மூச்சைப் பிடித்து நெம்பினாள். கல் செங்குத்தாக நின்று, ஒரு கணம் யோசித்து, மறுபக்கமாக மல்லாந்து விழுந்தது.

வழக்கத்தில் அது கிடையாது. ஒரு சாண் தூக்கு, பார், இறக்கு என்பதுதான் வழக்கம். அடிப்பக்கம் எல்லோருக்கும் உரியது, மேல்பக்கம் சுவருக்கு உரியது. அதைப் பார்க்க வேண்டும் என்று அந்த மலையில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இரண்டு ஊரும் ஒரே குரலில் முணுமுணுத்தன. பல மாதங்களில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

அரிவாள் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. பனியம்மா முனையைப் பிடித்து, தனியாகவே, கல்லை ஒருக்களித்து நிறுத்தினாள். இத்தனை காலம் சுவருக்குள் மறைந்திருந்த பக்கத்தில் மண் அப்பியிருந்தது. அதைப் புல்லால் தேய்த்தாள்.

“தண்ணி” என்றாள்.

வேலாத்தாள் அசையவில்லை. யாரோ ஒரு பெண் குடத்தைக் கொண்டு வந்தாள். தண்ணீர் வழிந்ததும் இரண்டு வளைந்த கோடுகள் தெரிந்தன. உளியால் பாதி சிதைத்திருந்தார்கள். ஆனாலும் தெரிந்தன. எருமைக் கொம்பு. மந்தைச்சரிவின் அடையாளம்.

மாதன் கல்லைக் கட்டிக்கொள்வது போல மண்டியிட்டார். எங்கள் கவிழ்கல், எங்களிடமிருந்து பறித்த கல் என்று அவர் ஆட்கள் பக்கமாகத் திரும்பிச் சொன்னார். இப்போது மந்தைச்சரிவு இறங்கி வந்தது. வரகனூர் விலகவில்லை. பறித்தது என்றால் ஜெயித்தது என்று அர்த்தம், அதற்கு முன்னால் நீங்கள் தோற்றது என்று அர்த்தம் என்றான் செங்கோடன். அப்படியானால் முதலில் இருந்தது யார் என்றார் மாதன். யாரோ யாரையோ தள்ளினார்கள்.

“கையை எடுங்கடா.”

பனியம்மா கத்தவில்லை. ஆனால் எல்லோர் கையும் இறங்கிற்று.

“அக்கா. இங்கே வா.”

வேலாத்தாள் வந்தாள்.

“இந்தக் கொம்பை எங்கே செதுக்கியிருக்காங்க பார்.”

வேலாத்தாள் பார்த்தாள். கொம்பு இருந்தது தட்டையான இடத்தில் அல்ல. கல்லின் நடுவே நீளமாக ஒரு குழிவு. தோணியின் வயிறு போல வழவழத்த குழிவு. அதற்குள் செதுக்கியிருந்தார்கள்.

“கையை வை.”

வைத்தாள். உள்ளங்கை அதில் போய்ப் படிந்தது. விரல்கள் எங்கே அழுத்த வேண்டும், எங்கே தளர வேண்டும் என்று கல்லே சொல்லிற்று. அவளை அறியாமல் கை ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வந்தது.

“என்ன கல்லு இது?”

“அரைகல்லு.”

“கருங்கல்லு இவ்வளவு குழிய எத்தனை வருஷம் ஆகும்?”

வேலாத்தாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். “என் மாமியாரோட மாமியார் அரைச்ச கல்லு வீட்டுல இருக்கு” என்றாள். “அது இன்னும் தட்டையாத்தான் இருக்கு.”

“இதுல அரைச்சவ யாரு?”

பெண்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து பார்த்தார்கள். மாதனின் மருமகள் குனிந்து தானும் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள். கல் கிடந்த இடத்தில் மண் கறுத்திருந்தது. பழைய சாம்பல். அதில் ஒரு சட்டியின் விளிம்பு, நகம் அளவுக்குச் சிவப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. தோண்டலாமா என்று ஒருவன் கேட்டான். பனியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் பின்னால் போய்விட்டான்.

வேலாத்தாள் நிமிர்ந்தாள்.

“இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? எவளோ அரைச்சா, எவனோ உழுதான். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அஞ்சு மாசமாத் தண்ணி சுமந்துட்டு அந்த ஒரே கேள்விதான் கேட்டேன். இந்த நிலம் யாரோடது?”

“போகாதவங்களோடது.”

“யாரு போகாதவங்க?”

பனியம்மா முதலில் மேலே, புல்லுக்குள் பாதி மறைந்திருந்த கல் வட்டத்தைப் பார்த்தாள். பிறகு கீழே, பத்தடி தள்ளி, மயிலனின் மேட்டைப் பார்த்தாள். வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

மேலே எருமை ஒன்று முக்காரம் போட்டது.

வேலாத்தாள் சுவரோரமாக நடந்து, மேடு இருந்த இடத்துக்கு வந்து நின்றாள். செங்கோடன் அடைத்த இடைவெளி அங்கேதான் இருந்தது. மற்ற இடமெல்லாம் சுவர் தட்டைக் கற்களால் ஆனது, பல்லோடு பல் கடித்து நிற்பது. இங்கே மட்டும் ஏழு உருண்டைக் கற்கள், இடுக்குகளில் சில்லு செருகி, பயந்து பயந்து உட்கார்ந்திருந்தன.

“அவன் வேண்டாம்னுதான் சொன்னான்” என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “இந்தக் கல்லு கடிச்சு நிக்காது, மழையில உருளும், கீழே ஓடையில போய்த் தட்டைக் கல்லு பொறுக்கிட்டு வர்றேம்மா, ரெண்டு நாள் பொறுன்னான். நான்தான் விடலை. அவனுங்க எருமை மறுபடி இறங்கறதுக்குள்ள அடைடா, வட்டத்துல கல்லு கிட்டத்துலயே கிடக்குன்னேன். அது மாண்டவங்க கல்லும்மான்னான். பொட்டச்சி மாதிரிப் பயப்படாதேன்னு சொன்னேன்.”

செங்கோடன், அண்ணி, இப்போது எதற்கு அது என்று தணிந்த குரலில் கேட்டான்.

அவள் செருகியிருந்த சில்லுகளைக் கையால் பிடுங்கினாள். நகம் பெயர்ந்தது. மேல் கல்லைத் தள்ளினாள். அது பொத்தென்று புல்லில் விழுந்தது. அடுத்ததைத் தள்ளினாள். செங்கோடனுக்கு அப்போதுதான் புரிந்தது. சுவரைத் திறந்தால் எருமை இறங்கும், பூண்டு போகும், ஜெயித்த வழக்கை இவளே கெடுக்கிறாள், ஐந்து மாதம் பைத்தியத்தோடு இருந்து பைத்தியமாகிவிட்டாள் என்று ஊரைப் பார்த்துச் சொன்னான். ஊரிலும் சிலர் கூச்சலிட்டார்கள். ஆனால் அவளைப் பிடித்து இழுக்க யாரும் வரவில்லை. மகன் செத்த இடத்தில் தாய் கல்லை எடுக்கிறாள். அதைத் தடுக்க அந்த மலையில் வழக்கம் எதுவும் இல்லை.

ஏழு கல்லும் விழுந்தன. சுவரில் மறுபடியும் இரண்டு ஆள் அகலத்துக்கு வழி. அதன் வழியாக ஊற்று தெரிந்தது. மேலே மேய்ந்துகொண்டிருந்த எருமைகளுக்கு அது மணத்தது போலும். தலையைத் திருப்பின.

மாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். குரல் மாறியிருந்தது. எங்கே கொண்டு போக வேண்டும் சொல்லு தாயி, பையன்கள் தூக்கிவிடுவார்கள் என்றார்.

“தொடாதே” என்றாள் வேலாத்தாள். “உன் எருமைக்காக ஒண்ணும் நான் எடுக்கலை.”

அவர் நின்றுவிட்டார். நின்ற இடத்திலிருந்தே கையைக் காட்டித் தன் ஆட்களை ஒதுங்கச் சொன்னார். எருமைகள் அடங்காமல் வழியை நோக்கி நகர்ந்தபோது, அவர் தானே முன்னால் போய் நின்று, மயிலனின் மேட்டை வளைத்துப் போகும்படி அவற்றைக் கோலால் திருப்பினார். எருமைகள் வளைத்துக்கொண்டு போயின. வேலாத்தாள் அதைப் பார்த்தாள்.

அவள் முதல் கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மயிலன் இதைத் தனியாகத் தூக்கியிருக்கிறான், மழையில், ஏழு தடவை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கல்லின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

பனியம்மா கம்பளியைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் வந்து குனிந்தாள். கல்லுக்கு அடியில் இருவர் விரல்களும் தொட்டுக்கொண்டன. தூக்கினார்கள். பனியம்மா பின்பக்கமாக அடி வைத்தாள். வேலாத்தாள் முன்பக்கமாக வைத்தாள். வட்டத்துக்கு ஏறும் சரிவு செங்குத்தாக இருந்தது. பனி கரைந்த புல் வழுக்கிற்று.

பாதி வழியில் வேலாத்தாள் நின்றாள். மூச்சு இரைத்தது. கீழே எருமைகள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அவள் பல்லைக் கடித்தாள்.

“எனக்கு இன்னும் கோவம் தீரலைம்மா.”

“எனக்கும்தான் அக்கா” என்றாள் பனியம்மா. “கல்லை விட்டுடாதே.”